ஆஸ்பத்திரி மதிலில் பூரணியின் கண்

கொக்கட்டிச்சோலை
10.03.1996

அண்ணன் நல்லரத்தினத்துக்குத் தங்கச்சி சின்னத்தங்கம் எழுதுவது.

சுகம் விசாரிக்க எனக்கு மனமில்லை. சுகமாகத்தான் இருப்பீர்கள். வாவிக்கு அந்தப் பக்கத்தில், ஆமியின் பக்கத்தில் இருக்கிற எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

என் மகளைப் பெட்டியில் வைத்து அனுப்பினீர்கள். பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் எங்கள் குடியில் ஒரு பிள்ளையும் சுடலைக்குப் போனதில்லை. "மாமன் எங்க, மாமன் எங்க" என்று ஊர் முழுக்கக் கேட்டது. "அவருக்கு ஆமியிட பாஸ் கிடைச்சிராது" என்று நானே சொல்லிச் சமாளித்தேன். பாலர் பாடசாலை ரீச்சராக வரவேண்டும் என்று இரண்டு வருஷம் உங்கள் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளை. சுள்ளி முறித்த மாதிரி முடிந்துவிட்டது.

பூரணியைக் குளிப்பாட்டியது நான்தான். வேறு யாரையும் தொட விடவில்லை. நெஞ்சில் துவக்குச் சூடு பட்ட இடத்தைக்கூட என்னால் பார்க்க முடிந்தது. பிறகு முகத்தைத் துடைத்தேன். இமையில் பெருவிரல் பட்டதும் விரல் உள்ளே போயிற்று. திறந்து பார்த்தேன். பஞ்சு. இரண்டு பக்கமும் பஞ்சு. நான் போட்ட சத்தத்தில் வளவில் கட்டியிருந்த மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம்.

ஓடத் துறையடியில் ஆமிக்காரன் பெட்டியை மூன்று மணித்தியாலம் மறித்து வைத்திருந்தான் என்று டிரைவர் சொன்னான். அவனை அப்பால் நிற்கவைத்துவிட்டு மூடியைத் திறந்து சோதித்தார்களாம். அதற்குமேல் ஊருக்கு என்ன சொல்ல வேண்டும்?

நாலாம் நாள் இயக்கத்துப் பெடியன்கள் வந்து பூரணியின் படம் கேட்டார்கள். கொடுத்தேன். இப்போது கோயில் வீதி முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அவளுடைய முகம்தான். கண் இரண்டையும் கறுப்பு மையால் குழியாக்கியிருக்கிறார்கள். "கண்ணைத் தோண்டியவனுக்குப் பதில் உண்டு" என்று கீழே. தண்ணீர் அள்ளப் போகும் வழியில் நான்கு இடத்தில் அந்த முகத்தைக் கடந்து போகிறேன். அவளுடைய தம்பி மூர்த்தி ஒன்றை உரித்து வந்து பாய்க்கடியில் வைத்திருக்கிறான். அவனுக்குப் பதினெட்டு வயது. சோறு வைத்தால் கோப்பையைத் தள்ளிவிடுகிறான். தகப்பனைத் தொண்ணூறாம் ஆண்டில் கொடுத்தேன், இவளை இப்போது கொடுத்தேன். மிச்சம் இவன் ஒருவன்.

எனக்கு ஒன்று மட்டும் எழுதுங்கள். பூரணியைப் பெட்டியில் வைக்கும்போது கண் இருந்ததா?

தயிர் விற்க வரும் சீதேவிப்பிள்ளையிடம் பதிலைக் கொடுங்கள். சும்மாட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவாள்.

சின்னத்தங்கம்


அமிர்தகழி
14.03.1996

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைத் தயிர் மணத்தோடு வாசித்தேன். மூன்று தரம் வாசித்தேன். நான் சுகமாக இல்லை. மனுஷன் சுகமாக இருக்கிற ஊரா இது?

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. சந்தை முடக்கில் யாரோ ஆமிக்காரன்மேல் குண்டெறிந்தார்கள். யார் எறிந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பிறகு றோட்டில் நின்றவர்கள் எல்லாருக்கும் சுட்டார்கள். மரக்கறி விற்ற ஒரு மனுஷி, பள்ளிக்குப் போன இரண்டு பிள்ளைகள், சைக்கிளில் போன எங்கள் பூரணி. நான் கடையில் ஒரு மருந்துக்கடைப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். "ம" எழுதி "ரு" தொடங்கும்போது சூடு கேட்டது. இன்னும் அந்தப் பலகை அப்படியேதான் கிடக்கிறது.

ஓடிப்போய்த் தூக்கியது நான். அவளுடைய சைக்கிள் செயினில் என் சாரம் சிக்கிக் கிழிந்தது. லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியிலேயே உயிர் போயிற்று. என்னுடைய கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அன்றைக்குத் துறை மூடிவிட்டார்கள். உனக்குச் சொல்லியனுப்ப வழி இருக்கவில்லை. மறுநாள் பெட்டியோடு வருவதற்குப் பாஸ் கேட்டேன், கிடைக்கவில்லை.

நீ கேட்டதை நேரில் பேசுவோம். கடிதத்தில் எழுதுகிற விஷயமா அது? துறையடியில் கடிதங்களை உடைத்து வாசிக்கிறார்கள் என்று கேள்வி. மூர்த்தியை எங்கும் போகவிடாதே. காலில் விழுந்தாவது மறி. நான் சொன்னேன் என்று சொல்.

நல்லரத்தினம்


கொக்கட்டிச்சோலை
18.03.1996

அண்ணன்,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் எழுதியது இரண்டு பக்கம். மருந்துக்கடைப் பலகையில் எந்த எழுத்துவரை எழுதினீர்கள் என்று எழுதத் தெரிந்தது. பிள்ளைக்குக் கண் இருந்ததா என்று எழுதத் தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மூர்த்தி போய்விட்டான். நான் வயல் வட்டையில் நின்றேன். வந்து பார்த்தால் பாய் சுருட்டியிருக்கிறது. உரித்து வைத்திருந்த நோட்டீஸின் பின்பக்கத்தில் மூன்று சொல் எழுதியிருக்கிறான். "அக்காட கண்ணுக்காகப் போறன்."

உங்களுக்கு ஏதோ தெரியும். சின்ன வயதிலும் அப்படித்தான், கள்ளம் செய்தால் நீட்டி நீட்டிக் கதைப்பீர்கள். அதைச் சொல்லாமல் என் மகனும் செத்தால், அண்ணன் என்றும் பார்க்கமாட்டேன். மண் அள்ளித் தூற்றுவேன்.

சின்னத்தங்கம்


அமிர்தகழி
21.03.1996

சின்னத்தங்கம்,

பெட்டியில் வைக்கும்போது கண் இருக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைத்தவன் நான்.

இந்த வரியை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. இனி எழுதுவது சுலபம்.

ஆஸ்பத்திரி வீதி மதிலில் நான் கீறிய பெரிய கண்ணைப் பற்றிப் பூரணி உனக்குச் சொல்லியிருப்பாள். இறந்தவர்களின் கண்ணை எடுத்துப் பார்வை இல்லாதவர்களுக்கு வைக்கிறார்கள். அதைச் சனங்களுக்குச் சொல்வதற்கு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். நான் படம் கீறினேன், பூரணி பாலர் பாடசாலைகளில் போய்ப் பேசினாள். மதிலில் இருக்கிறது அவளுடைய வலது கண். வெள்ளை விழியில் எள்ளளவு மச்சம் இருக்குமே, அதையும் வைத்தேன். இரண்டு நாள் கதிரை போட்டு எனக்கு முன்னால் இருந்தாள். கீழே என்ன எழுதலாம் என்று நான் மண்டையை உடைத்தேன். அவள்தான் சொன்னாள், "மாமா, சும்மா ‘போகக்குள்ள கண்ண விட்டிட்டுப் போங்க’ எண்டு எழுதுங்க. சனத்துக்கு விளங்கும்." அப்படியே எழுதினேன்.

போன வருஷம் அவள் தன் கண்ணைக் கொடுப்பதாக அட்டையில் கையெழுத்து வைத்தாள். அன்றைக்கு அந்த அட்டை அவளுடைய கைப்பையில் இருந்தது. ஒரு மூலையில் இரத்தம்.

காத்தான்குடி அசனார் கண் வார்டில் வேலை செய்கிறவன். எங்கள் குழுவில் ஒருவன். கண் எடுக்கப் பழகியவன் அவன்தான். தொண்ணூறில் பள்ளிவாசல் சூட்டில் தம்பியைப் பறிகொடுத்தவன், அதற்குப் பிறகும் எங்கள் சனங்களுக்கு நடுவில் வந்து வேலை செய்கிறான். சவ அறை வாசலில் வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆறு மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும். துறை மூடியிருந்தது. உன்னைக் கேட்க முடியாது. தாய்மாமன் நான் சொன்னால் போதாதா என்று நினைத்தேன். கல்யாணத்துக்கும் கட்டைக்கும் முன்னால் நிற்கிறவன் மாமன்தானே, இதற்கும் நான்தான் என்று நினைத்தேன். கையெழுத்து வைத்தேன்.

அசனார் இருபது நிமிஷத்தில் எடுத்தான். பஞ்சு வைத்து, இமையை மூடி, முகம் கழுவி, தலைமயிரை ஒதுக்கிவிட்டான். வெளியே வந்து தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

அவளுடைய அட்டையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கலாம். டிரைவரிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெயிலில் மூன்று மணித்தியாலம் கிடந்து பஞ்சு தெரியும் என்று நான் நினைக்கவில்லை. பாஸ் கிடைக்கவில்லை என்று எழுதியது பொய். கிடைத்தது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறையடிவரை வந்தேன். உன்னுடைய முகத்தைப் பார்க்கப் பயந்து திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், காறித் துப்பு. ஊருக்கெல்லாம் கண்ணைக் கொடு என்று படம் கீறுகிற எனக்கு இன்னும் அட்டை இல்லை. மேசை லாச்சிக்குள் நிரப்பாமல் கிடக்கிறது. செத்தபிறகும் இருட்டாகிவிடும் என்று ஒரு பயம்.

இந்தக் கடிதத்தை மூர்த்தியிடம் காட்டு. யாரும் தோண்டவில்லை என்று சொல்லு. அவனைக் கூட்டிக்கொண்டு வா.

நல்லரத்தினம்


கொக்கட்டிச்சோலை
29.03.1996

நீங்கள் மாமன். பெற்றவள் நான்.

பத்து மாதம் சுமந்த இடத்தில் நீங்கள் எங்கே நின்றீர்கள்? கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் கொடுக்கிற உரிமையும் கண்ணைத் தோண்டக் கையெழுத்து வைக்கிற உரிமையும் ஒன்றா? ஓம், அவள் கையெழுத்து வைத்தாள். இருபது வயதுப் பிள்ளை சாவைப் பற்றி என்ன தெரிந்து வைத்தது? அவள் கொடுக்க விரும்பினாள் என்றால் நான் மறிப்பேனா, மாட்டேனா என்று எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவும் நீங்கள் விடவில்லை. யாருக்கு வைத்தார்கள் என்றாவது சொன்னீர்களா?

திட்ட இன்னும் கிடக்கிறது. அதை நேரில் திட்டுவேன். இப்போது மூர்த்தியின் விஷயத்தைக் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தை மடியில் கட்டிக்கொண்டு ஒன்பது கட்டை தூரம் நடந்து இயக்கத்தின் முகாமுக்குப் போனேன். பொறுப்பாளர் வாசித்தார். மரியாதையான பிள்ளைதான், கதிரை தந்து தேத்தண்ணீரும் தந்தார். "அம்மா, ஆமிக்காரன் பின்னால துவக்கு வெச்சு எழுதுவிச்சிருக்கான். இத ஒருத்தருக்கும் காட்டாதீங்க" என்றார். கடிதத்தை அடுப்புக்குள் போட்டார். கெஞ்சிய பிறகு மூர்த்தியைக் கூப்பிட்டார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டியிருக்கிறான். நான் எல்லாம் சொன்னேன். அவனும் அதே கதைதான். "மாமா பயந்த ஆள் அம்மா. அடிச்சா எதையும் எழுதுவார்."

அவனைப் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. நீங்கள் பயந்த ஆள்தான்.

அவனை நகரத்துக்கு அனுப்பப்போகிறார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. போகிற பிள்ளைகள் எதற்குப் போகிறார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? போனவர்களில் ஒருவனும் திரும்பி வந்ததை நான் காணவில்லை.

அண்ணன், கடிதம் சாம்பலாகிவிட்டது. மதில் அப்படியே நிற்கிறது. அந்தக் கண்ணுக்குக் கீழே எழுதுங்கள். கண்ணை யாரும் தோண்டவில்லை, நான்தான் கொடுத்தேன் என்று அடி உயரத்தில் எழுதுங்கள். முகத்தையும் கீறுங்கள். உங்கள் பெயரையும் போடுங்கள். அதைப் பார்த்தும் அவன் நம்பாவிட்டால் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

எழுதினால் இவர்களும் விடமாட்டார்கள், அவர்களும் விடமாட்டார்கள். தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்கிறேன். அவனும் உங்களுக்கு மருமகன்தான்.

சின்னத்தங்கம்


அமிர்தகழி
20.04.1996

தங்கச்சிக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் இரண்டு விரல் உடைந்திருக்கிறது. பதறாமல் வாசி. நல்ல செய்தி கடைசியில் இருக்கிறது, ஆனால் முதலில் இருந்து வாசி.

உன்னுடைய கடிதம் வந்து நாலு நாள் மதில் பக்கம் போகாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் ஏணியைத் தூக்கினேன். அசனாரை வரவேண்டாம் என்றேன். "ஏணிய ஆரு புடிக்கிற?" என்று கேட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். முகம் முழுவதையும் கீற ஆறு நாள் சென்றது. ஞாபகத்தில் இருந்துதான் கீறினேன், இடது பக்கம் அவ்வளவு சரிவரவில்லை. வலது கண்ணைத் தொடவில்லை. கீழே இப்படி எழுதினேன்:

"அன்னப்பூரணி. 1.3.1996இல் சந்தை முடக்கில் ஆமி சுட்டு இறந்தாள். அவளுடைய கண்ணை எவரும் தோண்டவில்லை. அவள் கொடுத்தாள். தாயைக் கேட்காமல் கையெழுத்து வைத்தவன் தாய்மாமன் நல்லரத்தினம்."

முப்பது வருஷம் போர்ட் எழுதுகிறேன். ஒன்றிலும் என்னுடைய பெயரை எழுதியதில்லை.

இரண்டாம் வரி ஆமிக்காரருக்குப் பிடிக்கவில்லை. முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அழி என்றார்கள். "எனாமல், சேர். காஞ்சிட்டு" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவர்கள் பகிடி என்று நினைத்தார்கள். துவக்குப் பிடியால் வாயில் அடித்தார்கள், முன்பல் இரண்டு போயிற்று. விரலை மேசை விளிம்பில் வைத்து மிதித்தார்கள். நான் அழுதேன், மறைக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெரிய அதிகாரி வந்து, கண்ணைத் தோண்டியது ஆமி இல்லை என்றும் இதில் எழுதியிருக்கிறதே, இருக்கட்டும் என்று சொன்னாராம். விட்டுவிட்டார்கள். ஆனாலும் போகிறபோது ஒருவன் மதிலுக்கு ஒரு வரிசை சுட்டான். நாடியிலும் கழுத்திலும் ஏழு ஓட்டை. நான் சீமெந்து பூசி அடைக்கத் தொடங்கினேன்.

புதன்கிழமை காலை ஏணியில் நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். மதில் முடிகிற இடத்தில் சென்றி ஒன்று இருக்கிறது, நாலு ஆமிக்காரர் நிற்பார்கள். ஒருவன் சைக்கிளில் கத்தரிக்காய்க் கூடையோடு வந்து மதிலடியில் நின்றான். நிற்கிறான், நிற்கிறான், போகிறான் இல்லை. தொப்பி மறைத்ததில் நான் ஆளை மட்டுக்கட்டவில்லை. குரலில்தான் தெரிந்தது.

"இந்த மச்சம் ஒங்களுக்கு எப்பிடித் தெரியும் மாமா?"

"ரெண்டு நாள் முன்னுக்கு இருத்தி வெச்சுக் கீறினனான். அவள் எங்க சும்மா இரிந்தாள்? சிமிட்டிச் சிமிட்டி என்னை ஏமாத்திப் பேய்க்காட்டினவள்."

"அப்ப அம்மாக்கு எழுதினது உண்மையா?"

"ஓம் மனே."

"ஆமி அடிச்சு எழுதுவிக்கல்லையா?"

"எழுதினதுக்குத்தான் அடிச்சவன்" என்று வாயைத் திறந்து காட்டினேன்.

அவன் அப்படியே மதிலில் சாய்ந்து குந்திவிட்டான். நான் இறங்கி, "கூடைக்குள்ள என்ன?" என்று கேட்டேன். "கத்தரிக்காய்." "அடியில?" கூடைப் பிடியை இறுக்கிக்கொண்டு அழத் தொடங்கினான், சத்தம் போடாமல். அறுபது அடி தள்ளி ஆமிக்காரன் பாண் தின்றுகொண்டு எங்களைப் பார்க்கிறான்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அசனார்தான் கூடையைத் தூக்கினான். சென்றியைக் கடக்கும்போது நின்று, "மாத்தயா, நல்ல கத்தரிக்காய், வேணுமா?" என்று கேட்டான். ஆமிக்காரன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். அசனார் வாவிக் கரைவரை நடந்துபோய், கத்தரிக்காயைக் கரையில் கொட்டிவிட்டு, மிச்சத்தைத் தண்ணீருக்குள் இறக்கினான். ஏன் கேட்டாய் என்று பிறகு ஏசினேன். "கேக்காமப் போனாத்தான் சந்தேகம் வரும்" என்றான்.

மூர்த்தியை அசனாரின் மச்சானுடைய மீன் லொறியில் அனுப்பியாயிற்று. எங்கே என்று எழுதமாட்டேன். ஐஸ் பெட்டிக்கு நடுவில் குளிரில் விறைத்துக்கொண்டு போனானாம். உயிரோடு போய்ச் சேர்ந்தான்.

கண்ணை இரண்டு பேருக்கு வைத்தாயிற்று என்று கொழும்பில் இருந்து கடிதம் வந்தது. பெயர் சொல்லமாட்டார்கள். அதுதான் முறை.

நீ ஒருக்கால் வந்து மதிலைப் பார். திட்டுவதையும் அங்கேயே திட்டு. என் அட்டையை நேற்று எடுத்தேன். விரல் சரிவரட்டும் என்று திரும்ப லாச்சிக்குள் வைத்துவிட்டேன். சிரிக்காதே.

நல்லரத்தினம்


அமிர்தகழி
01.05.1996

அண்ணன்,

உங்கள் மேசையில் இருந்து, உங்கள் பேனையால் எழுதுகிறேன். நாளைக்கு உங்களைப் பெட்டியோடு கொண்டுபோகும்போது இதைச் சட்டைப்பைக்குள் வைக்கப்போகிறேன். நேரில் பேசத்தான் வந்தேன். பேச நேரம் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஓடத்தில் வந்தேன். இரண்டு மாதமாக நாக்கில் வைத்திருந்த ஏச்சு எல்லாவற்றையும் வழியில் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் முன்னால் நடந்தீர்கள், நான் பின்னால். மதிலைக் கண்டதும் ஒன்றும் வாயில் வரவில்லை. நோட்டீஸில் இரண்டு மாதமாகக் குழி பார்த்த எனக்கு, என் பிள்ளை முழ நீளக் கண்ணால் என்னைப் பார்த்தாள். கிட்டப் போய் மச்சத்தைத் தொட்டேன். "பெயின்ற் காஞ்சிட்டு, தொடு" என்றீர்கள். பல் இல்லாமல் காற்றுப் போகிற அந்தக் கதையைக் கேட்க எனக்குச் சிரிப்பும் வந்தது.

"வெயில்ல நிக்காத, சோடா வாங்கி வாறன்" என்று றோட்டைக் கடந்தீர்கள். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கி, "நல்லரத்தினமா?" என்று கேட்டான். நீங்கள் "ஓம்" என்றீர்கள். சோடாப் போத்தலோடு நின்று ஓம் என்றீர்கள். பின்னால் போய்த் தலையில் ஒன்று, விழுந்தபிறகு நெஞ்சில் ஒன்று. அவர்கள் அவசரப்படக்கூட இல்லை. எந்தப் பக்கத்து ஆட்கள் என்று பொலிஸ் கேட்டது. சைக்கிளில் வந்த ஆட்கள் என்றேன். அந்தச் சூடு மூர்த்திக்காக வந்தது, நான் எழுதச் சொன்னதற்காக வந்தது. அது எனக்குத் தெரியும்.

சூடு பின்தலையில்தான் பட்டிருந்தது. முகத்துக்கு ஒன்றுமில்லை.

அசனார் ஓடிவந்தார். உங்களைத் தூக்கினார். பிறகு சவ அறை வாசலில் வந்து, நீங்கள் எழுதியிருந்தீர்களே, அதே மாதிரி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்கமாட்டார் அந்த மனுஷன். நான்தான் கேட்டேன்.

"எவ்வளவு நேரம் இரிக்கு?"

"ஆறு மணித்தியாலம். அரை மணி போயிற்று தங்கச்சி. அண்ணன் அட்டைய நிரப்பல்ல. அவர் பயந்தவர். நீங்க யோசிங்க."

யோசித்தேன். செத்தபிறகும் இருட்டாகிவிடும் என்று நீங்கள் எழுதியதை யோசித்தேன். பூரணி இரண்டு நாள் கதிரையில் இருந்து உங்களைப் பேய்க்காட்டியதை யோசித்தேன். கொழும்பிலோ எங்கேயோ யாரோ இரண்டு பேர் காலையில் எழும்பி முகம் கழுவிக் கண்ணாடி பார்ப்பதை யோசித்தேன். வேறு நேரம் இருக்கவில்லை. தாளை வாங்கினேன். உறவு என்ற இடத்தில் தங்கச்சி என்று எழுதினேன்.

பிறகு உங்களை நானே குளிப்பாட்டினேன். ஆம்பிளைகள் செய்கிற வேலை, நான் விடவில்லை. முகத்தைத் துடைக்கும்போது இமையில் பெருவிரலை வைத்தேன். உள்ளே போயிற்று. இந்தமுறை நான் சத்தம் போடவில்லை.

உங்களைக் கேட்காமல்தான் கையெழுத்து வைத்தேன், அண்ணன். கோபமென்றால் எழுதுங்கள்.

சின்னத்தங்கம்